சுடர் அணைந்தால் தானாகவே கேஸை நிறுத்தும் சாதனம்: புதிதாக ஹாப் வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பால் பொங்கி வழிந்தோ, ஜன்னல் காற்று வீசியோ, சிம்மில் எரிந்துகொண்டிருந்த பர்னர் அணைந்துவிடுகிறது. நாப் திறந்தபடியே இருக்கிறது, வீட்டில் உள்ளவர்கள் கவனிக்கவில்லை. சாதாரண அடுப்பாக இருந்தால், யாராவது வாடை பிடித்து வந்து நாப்பை மூடும் வரையில் கேஸ் வெளியேறிக்கொண்டே இருக்கும். சுமார் 1.75 கிலோவாட் திறனுள்ள நடுத்தர பர்னர் முழுதாகத் திறந்திருந்தால் மணிக்கு ஏறக்குறைய 140 கிராம் எல்பிஜி போகும். இரவு முழுதும், அதாவது எட்டு மணி நேரம் அப்படியே விட்டால், 1 கிலோவுக்கு மேல் போய்விடும். எட்டடிக்குப் பத்தடி சமையலறையில் கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தால், காற்றில் 2 சதவீதம் அளவுக்குக் கேஸ் கலந்தாலே தீப்பற்றும் என்ற எல்லையை இந்த 1 கிலோ தொட்டுவிடும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு படிந்து தேங்கும். ஆகையால் தரைமட்டத்தில் அந்த எல்லை இன்னும் முன்னதாகவே வந்துவிடுகிறது.

இந்த ஒரு ஆபத்தைத் தடுப்பதற்காகவே, சுடர் அணைந்ததும் கேஸை நிறுத்தும் சாதனம் பர்னரோடு இணைக்கப்படுகிறது. விற்பனைத் தாளில் ‘ஃப்ளேம் ஃபெயிலியர் டிவைஸ்’ என்றும், சுருக்கமாக ‘எஃப்எஃப்டி’ என்றும் எழுதியிருப்பார்கள். கடைக்காரர் பெரும்பாலும், லைட்டர் இல்லாமலே பற்றவைக்கும் ஆட்டோ இக்னிஷனைத்தான் டிக்டிக்கென்று அழுத்திக் காட்டுவார், இதைப் பற்றி நாம் கேட்டால்தான் சொல்வார். இரண்டில் ஒன்றுக்குத்தான் கூடுதல் பணம் கொடுக்க முடியும் என்றால், என் கணிப்பில் தயங்காமல் எஃப்எஃப்டிக்குக் கொடுக்கலாம். லைட்டர் கையில் இருக்கிறவருக்கு ஆட்டோ இக்னிஷன் வெறும் வசதி மட்டுமே.

இந்தச் சிக்கல் சமையல் அடுப்போடு தோன்றியதன்று. லண்டனின் பால் மால் தெருவில் 1807இல் கேஸ் விளக்குகள் எரிந்தன, கல்கத்தா தெருக்களுக்கு அவை 1857இல் வந்து சேர்ந்தன. பிறகு வீடுகளுக்குள்ளும் விடுதி அறைகளுக்குள்ளும் கேஸ் விளக்கு நுழைந்தபோது, மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துப் பழகியவர்கள் கேஸ் விளக்கையும் அப்படியே ஊதி அணைத்துவிட்டுப் படுத்தார்கள். அந்தக் காலத்து நிலக்கரி வாயுவில் கார்பன் மோனாக்சைடு கலந்திருந்ததால், தீ எதுவும் பற்றாமலே மூச்சடைத்து இறந்தவர்கள் உண்டு. சூடு பட்டால் வளையும் உலோகப் பட்டையை விளக்கின் வால்வோடு இணைத்து, சுடர் அணைந்து பட்டை குளிர்ந்ததும் வால்வு மூடிக்கொள்ளும்படி செய்த அமைப்புகள் அந்த அனுபவத்திலிருந்தே வந்தன. இன்றைய ஹாப்பில், அதாவது சமையல் மேடையை வெட்டிப் பொருத்தும் அடுப்பில், அந்தப் பட்டையின் இடத்தில் தெர்மோகப்பிள் இருக்கிறது.

அது வேலை செய்யும் விதம்

வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால், பின்னால் சொல்லப்படும் ஒவ்வொரு படியின் காரணமும் தானாகவே விளங்கும் என்பதால், இந்தப் பகுதியைத் தாண்டிப் போகவேண்டாம். இரண்டு வேறுவேறு உலோகங்களை ஒரு முனையில் இணைத்து அந்த முனையைச் சூடாக்கினால் சிறிதளவு மின்னழுத்தம் உண்டாகும் என்பதை 1821இல் ஜெர்மானிய அறிவியலாளர் தாமஸ் யோஹான் சீபெக் கண்டறிந்தார். அப்படி இணைத்த அமைப்புதான் தெர்மோகப்பிள், பர்னரின் ஓரத்தில் சுடர் படும்படி நிற்கும் சிறிய உலோகக் குச்சிதான் அதன் முனை. நன்றாகச் சூடேறிய நிலையில் அது தருவது சுமார் 20 முதல் 30 மில்லிவோல்ட் மட்டுமே. அந்த மின்சாரம் மெல்லிய செம்புக் குழாய் வழியாக, நாப்புக்குப் பின்னால் வால்வுக்குள் இருக்கும் சிறு மின்காந்தத்தை அடைகிறது. வால்வுக்குள் ஒரு ஸ்பிரிங், கேஸ் வழியை எப்போதும் மூடிவைக்கவே தள்ளிக்கொண்டிருக்கும். சுடர் எரிகிற வரையில் காந்தம் அந்த மூடியைத் திறந்த நிலையில் பிடித்துவைக்கிறது. சுடர் அணைந்தால் குச்சி குளிர்கிறது, மின்சாரம் குறைகிறது, காந்தம் பிடியை விடுகிறது, ஸ்பிரிங் மூடியைத் தள்ளி அடைத்துவிடுகிறது.

இந்தக் காந்தம் மிக வலுக்குறைந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். அலமாரிக் கதவில் இருக்கும் சிறு காந்தம் தூரத்திலிருக்கும் கதவை இழுத்துச் சாத்துவதில்லை, நாம் கொண்டுபோய் ஒட்டவைத்தால் பிடித்துக்கொள்கிறது. இதுவும் அப்படித்தான். மூடியைக் காந்தம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது நாப்பை அழுத்தும் நம் கைதான். நாப்பைப் பாதி அழுத்தினால் மூடி காந்தத்தைத் தொடாது, உடனே கையை எடுத்தால் குச்சி சூடேறியிருக்காது. புதிய ஹாப் வந்த முதல் வாரத்தில் பெரும்பாலான வீடுகளில் ‘சுடர் நிலைத்து நிற்கவே மாட்டேன் என்கிறது’ என்று புகார் எழுவதற்குக் காரணம் இந்த இரண்டில் ஒன்றுதான்.

இந்த அமைப்புக்கு வெளி மின்சாரம் தேவையில்லை. மின்வெட்டின்போதும், பேட்டரி தீர்ந்த பின்னும் இது வேலை செய்யும். தெர்மோகப்பிள் அறுந்தாலும் கெட்டாலும் மின்சாரம் நின்றுபோய்க் கேஸ் மூடிக்கொள்ளும் என்பதால், பழுதானாலும் பெரும்பாலும் பாதுகாப்பான பக்கமே சாயும்.

முதல் படி: உங்கள் அடுப்பில் இது இருக்கிறதா?

சமையல் மேடையின் மேல் வைக்கும் இரண்டு பர்னர், மூன்று பர்னர் அடுப்புகள் பலவற்றில் இது இருப்பதில்லை. மேடையை வெட்டிப் பொருத்தும் ஹாப்களிலும் எல்லா மாடலிலும் இருக்கும் என்று சொல்லமுடியாது, ஒரே தோற்றமுள்ள இரண்டு மாடல்களில் ஒன்றில் இருக்கும், மற்றொன்றில் இருக்காது. ஆகவே பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், பர்னரின் மூடியைத் தூக்கிப் பாருங்கள். பர்னரின் ஓரத்தில் வெள்ளைப் பீங்கான் உறையுடன் ஒரு குச்சி நின்றால் அது தீப்பொறி விடும் பிளக், ஆட்டோ இக்னிஷனுக்கு உரியது. அதற்கு அருகிலோ எதிர்ப்பக்கத்திலோ, பீங்கான் உறை இல்லாமல் முழுதும் உலோகமாக, மழுங்கிய முனையுடன் இன்னொரு குச்சி இருந்தால் அதுதான் தெர்மோகப்பிள். ஒவ்வொரு பர்னருக்கும் ஒன்று தனித்தனியாக இருக்கவேண்டும்.

வாங்கும்போது அடுப்பில் ஐ.எஸ். 4246 என்ற எண்ணுடன் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அது வீட்டு எல்பிஜி அடுப்புக்கான இந்தியத் தர அளவீடு. தெர்மோகப்பிளும் வால்வும் தனியாக உதிரிப்பாகமாகக் கிடைக்குமா, ஊரில் சர்வீஸ் செய்ய ஆள் உண்டா என்பதைக் கடையிலேயே கேட்டுவிடுவது நல்லது. இந்தச் சாதனம் இல்லாத பழைய அடுப்பில் பிறகு இதைப் பொருத்தலாமா என்று சிலர் கேட்பார்கள். வால்வே வேறு அமைப்பு என்பதால், அதைச் செய்யப்போவதைவிட அடுப்பை மாற்றுவதே மேல்.

இரண்டாம் படி: பற்றவைக்கும் முறை

பாத்திரத்தை வைப்பதற்கு முன்பே பற்றவைத்துப் பழகுங்கள். முதலில் பர்னர் மூடி தன் பள்ளத்தில் ஆடாமல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தட்டிப் பாருங்கள். பிறகு நாப்பை அடிவரை முழுதாக அழுத்தி, அழுத்தியபடியே பெரிய சுடர்க் குறிக்குத் திருப்புங்கள். சுடர் பற்றிக்கொண்ட பிறகும் உடனே கையை எடுக்காமல், மனத்துக்குள் ஐந்தாறு விநாடி எண்ணிவிட்டு மெதுவாக விடுங்கள். சில மாடல்களுக்கு மூன்று விநாடி போதும், சிலவற்றுக்குப் பத்து விநாடி வரை ஆகும். அடுப்போடு வரும் கையேட்டில் அது குறிக்கப்பட்டிருக்கும். சுடர் நிலைத்த பிறகு சிம்முக்குக் குறைக்கலாம், பற்றவைக்கும்போதே சிம்மில் வைத்தால் குச்சி சூடேற நெடுநேரம் பிடிக்கும்.

கையை விட்டதும் அணைந்துபோனால் நாப்பை ‘ஆஃப்’ நிலைக்குக் கொண்டுவந்து, ஒரு நிமிடம் காற்றோட்டம் விட்டு, மறுபடி செய்யுங்கள். அந்த ஒரு நிமிடம் காத்திருப்பது அவசியம், ஏனென்றால் நாப்பை அழுத்திப் பிடித்திருக்கும் நேரத்தில் சுடர் இல்லாவிட்டாலும் கேஸ் வெளியே வரும். அழுத்திக்கொண்டே லைட்டரைத் தேடுவது இந்தக் காரணத்தால்தான் கூடாது, லைட்டர் முதலில் கைக்கு வரட்டும். சிலிண்டர் மாற்றிய உடனே டியூபில் காற்று இருப்பதால் முதல் முறை பற்ற நேரமாகும், அதைப் பழுது என்று எண்ணவேண்டாம். மின்வெட்டில் ஆட்டோ இக்னிஷன் பொறி விடாவிட்டால், சாதாரண லைட்டரைப் பர்னரில் பொறியவிட்டபடி நாப்பை அழுத்திப் பிடித்தால் போதும், எஃப்எஃப்டி எப்போதும்போல வேலை செய்யும்.

மூன்றாம் படி: சோதனை

பலர் செய்யாமல் விடுவது இதைத்தான். ஹாப்பைப் பொருத்த வருபவர் நான்கு பர்னரும் எரிகிறதா என்று காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். எரிகிறது என்பதற்கு மட்டுமே அது சான்று. சுடர் அணைந்தால் கேஸ் நிற்கிறதா என்பதைச் சோதிக்க, கேஸை அறைக்குள் விடாத எளிய முறை ஒன்று இருக்கிறது, கேஸ் வேலை தெரிந்தவர்கள் அதைத்தான் செய்வார்கள்.

ஜன்னலைத் திறந்துவைத்து, ஒரே ஒரு பர்னரை மட்டும் பற்றவைத்து, குச்சி முழுச் சூட்டை அடைய மூன்று நிமிடம் எரியவிடுங்கள். பிறகு நாப்பைத் தொடாமல், சிலிண்டர் ரெகுலேட்டரை மட்டும் மூடுங்கள். டியூபில் மிச்சமிருக்கும் கேஸ் எரிந்து தீர்ந்ததும் சுடர் சுருங்கித் தானாகவே அணையும். இப்போது அடுப்புப் பக்கம் காதை வைத்துக் காத்திருங்கள். குச்சி குளிர்ந்து காந்தம் பிடியை விடும்போது வால்வுக்குள்ளிருந்து ‘டக்’கென்று ஒரு சிறு ஒலி கேட்கும். நல்ல நிலையிலுள்ள சாதனத்தில் இது பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் கேட்டுவிடும், ஒன்றரை நிமிடம் தாண்டினால் மெக்கானிக்கிடம் சொல்லவேண்டிய விஷயம். ஒலி கேட்ட பிறகு, நாப் திறந்த நிலையிலேயே இருக்க, ரெகுலேட்டரை மறுபடி திறங்கள். பர்னரிலிருந்து ‘ஸ்’ என்ற சீறல் எதுவும் வரக்கூடாது, வாடையும் வரக்கூடாது. வந்தால் அந்த நொடியே நாப்பை மூடி, ரெகுலேட்டரையும் மூடி, அந்தப் பர்னரை மறுபடி பயன்படுத்தாதீர்கள். வராவிட்டால் நாப்பை ‘ஆஃப்’ செய்துவிட்டு அடுத்த பர்னருக்குப் போகலாம். இந்தச் சோதனை நடக்கும்போது அருகில் விளக்கு, ஊதுவத்தி, எரியும் மற்றொரு பர்னர் எதுவும் இருக்கக்கூடாது.

சுடர் அணைந்ததிலிருந்து வால்வு மூடும் வரையிலான அந்த ஒரு நிமிடத்தில், நிஜமான சமையலில், நடுத்தர பர்னரிலிருந்து வெளியேறுவது இரண்டு கிராமுக்குச் சற்றே அதிகம். எட்டு மணி நேரத்து 1 கிலோவோடு ஒப்பிட்டால் அது பொருட்படுத்தத் தக்கதன்று. ஆனாலும் இரண்டொரு விநாடியில் நின்றுவிடும் என்று எதிர்பார்த்து, அணைந்த உடனே லைட்டரை அடிக்கக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். சோதனையை மாதம் ஒரு முறை செய்தால் போதும், சிலிண்டர் மாற்றும் நாளோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது.

நாப்பை விட்டதும் அணைகிறது என்றால்

நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தும் சுடர் நிற்கவில்லை என்றால் மெக்கானிக்கை அழைப்பதற்கு முன் பார்க்கவேண்டியவை உண்டு. நம் சமையலறைகளில் முதல் குற்றவாளி பர்னர் மூடிதான். கழுவித் துடைத்துத் திரும்ப வைக்கும்போது அது ஒரு நூல் அளவு விலகி உட்கார்ந்தாலும், சுடர் குச்சியைத் தொடாமல் விலகி எரியும். மூடியின் துளைகளில் நீர் தேங்கியிருந்தாலும் அந்தப் பக்கத்துச் சுடர் மட்டும் வராது. அடுப்பறை விளக்கை அணைத்துவிட்டு எரியும் பர்னரை ஒரு முறை பாருங்கள். குச்சியின் முனையை நீலச் சுடர் போர்த்திக்கொண்டு, முனை மங்கிய சிவப்பாக மின்னினால் அங்கே குறையில்லை.

இரண்டாவது காரணம் அழுக்கு. பொங்கி வழிந்த பால், கஞ்சி, சாம்பார் ஆகியவை குச்சியின் மேல் கருகி ஓடுபோல ஒட்டிக்கொள்ளும், அதற்குள் சூடு ஏற நேரமாகும். ரெகுலேட்டரை மூடி, அடுப்பு முழுதும் ஆறிய பிறகு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, உலர்த்துங்கள். கருகியது போகாவிட்டால் மிக மெல்லிய உப்புக்காகிதத்தை முனையில் மட்டும் லேசாக ஓட்டலாம். குச்சியை வளைக்கக்கூடாது, கத்தியால் சுரண்டக்கூடாது, சோப்புநீரை அடுப்பின் மேல் ஊற்றி ஊறவைக்கவும் கூடாது. அருகிலுள்ள வெள்ளைப் பீங்கான் தட்டினால் உடைந்துவிடும் என்பதால் அதில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய சுடரில் நின்று சிம்மில் மட்டும் அணைந்தால், சிம் சுடர் குச்சியைத் தொடாத அளவுக்குச் சிறுத்திருக்கிறது என்று பொருள். நாப்பைக் கழற்றினால் உள்ளே தெரியும் சிறு திருகில் அதைச் சரிசெய்யமுடியும், ஆனால் அது மெக்கானிக்கின் வேலை. எல்பிஜியிலிருந்து குழாய் வழி இயற்கை எரிவாயுவுக்கு மாறும் வீடுகளில் கேஸ் வெளிவரும் சிறு துளையுள்ள ஜெட்டை மாற்றியதோடு நிறுத்திவிட்டு, இந்தத் திருகைச் சரிசெய்ய மறந்துவிடுவதுண்டு. மாறிய அன்றே சிம்மில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

இவை எதுவும் காரணமில்லை என்றால் தெர்மோகப்பிளோ காந்தமோ பழுதாகியிருக்கும். இரண்டில் எது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த மெக்கானிக், பக்கத்து நல்ல பர்னரின் தெர்மோகப்பிளை இந்த வால்வில் மாற்றி இணைத்துப் பார்ப்பார். சுடர் நிலைத்து நின்றால் பழைய தெர்மோகப்பிள்தான் பழுது, அப்போதும் நிற்காவிட்டால் குறை வால்வுக்குள் இருக்கிறது. மல்டிமீட்டர் வைத்திருப்பவர் மில்லிவோல்ட்டை அளந்தும் சொல்வார். தெர்மோகப்பிள் வால்வோடு சேரும் இடத்திலுள்ள பின்பக்க நட் தளர்ந்திருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அதைக் கையால் இறுக்கி, பிறகு ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் திருப்பவேண்டும், முழு பலத்தோடு முறுக்கினால் உள்ளிருக்கும் மின்காப்பு வாஷர் நசுங்கிப்போகும். தெர்மோகப்பிள் விலையுயர்ந்த பொருளன்று, ஆனால் நீளமும் திருகு அளவும் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் பழையதைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்கவேண்டும்.

இது செய்யாதவை

சுடர் இருக்கிறதா இல்லையா என்பது ஒன்றுதான் இந்தச் சாதனத்துக்குத் தெரியும். டியூபில் விரிசல், ரெகுலேட்டரில் கசிவு, சிலிண்டர் வாயில் தேய்ந்த வாஷர் ஆகியவை எல்லாம் பர்னருக்கு முன்னால் நடப்பவை, அங்கே இதனால் பயனில்லை. ஆகவே இரவில் ரெகுலேட்டரை மூடும் வழக்கத்தை எஃப்எஃப்டி வந்துவிட்டது என்பதற்காக விட்டுவிடக்கூடாது. ஆரஞ்சு நிறச் சுரக்ஷா டியூபை ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாற்றுவதும் அப்படியே தொடரட்டும். கேஸ் வாடை வந்தால் சுவிட்சைப் போடவோ அணைக்கவோ செய்யாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள். கசிவைக் கண்டறிய வேண்டுமானால் அதற்குத் தனியாக டிடெக்டர் உண்டு, எல்பிஜி என்றால் அதைத் தரையிலிருந்து ஏறக்குறைய ஓரடி உயரத்தில் பொருத்தவேண்டும்.

குளியலறைக் கேஸ் கீசரிலும் சுடரைக் கண்காணிக்கும் ஏற்பாடு இருக்கும். அங்கே பெரும்பாலும் தெர்மோகப்பிளுக்குப் பதிலாக, சுடர் மின்சாரத்தைக் கடத்தும் என்ற இயல்பைப் பயன்படுத்தும் மின்முனை இருக்கிறது, அது சில விநாடிகளிலேயே அறிந்து வால்வை மூடும். ஆனால் கீசரின் உண்மையான அபாயம் சுடர் எரிந்துகொண்டிருக்கும்போதே மூடிய அறையில் சேரும் கார்பன் மோனாக்சைடு, அதைச் சுடர்க் கண்காணிப்பு தடுக்காது. கீசர் குளியலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில்தான் இருக்கவேண்டும்.

கடைசியாக, பைபாஸ் செய்வதைப் பற்றி. வீட்டில் சமைக்க வருபவருக்கோ வயதான பெற்றோருக்கோ நாப்பை அழுத்திப் பிடிப்பது தொல்லையாகத் தெரியும், புகாரைக் கேட்டு வரும் மெக்கானிக் சிலர், ‘இதை எடுத்துவிட்டால் சாதாரண அடுப்பு மாதிரி உடனே பற்றும்’ என்று சொல்லி வால்வுக்குள்ளிருக்கும் காந்தத்தையும் ஸ்பிரிங்கையும் செயலிழக்கச் செய்துவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது, குச்சி அதே இடத்தில் நிற்கும், அடுப்பு முன்னைவிடச் சுலபமாகப் பற்றும். ஆகையால் சர்வீஸ் முடிந்த பின் நாப்பை விட்டவுடன் சுடர் நிற்கிறதே என்று மகிழ்ச்சி அடையாமல், ரெகுலேட்டரை மூடிச் செய்யும் சோதனையை மெக்கானிக்கின் எதிரிலேயே ஒவ்வொரு பர்னருக்கும் செய்து, ‘டக்’ ஒலியைக் காதால் கேட்ட பிறகு பணத்தைக் கொடுங்கள்.